நீலகிரியில் பறவை பார்த்தல்: வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மூன்று நான்கு நாள் விடுப்பில் நீலகிரிக்கு வந்து, அப்படியே பறவையும் பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பைனாகுலரை இப்போதுதான் வாங்கியவராக இருக்கலாம். சமவெளி ஏரிகளில் நாரையும் வாத்தும் பார்த்துப் பழகி, முதன்முறை மலைக்காட்டுக்கு வருகிறவராகவும் இருக்கலாம். இரண்டாவது வகையினர்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். ஏரியில் பறவை திறந்தவெளியில் நிற்கும், நாம் மெல்ல அதை நெருங்கலாம். சோலைக்காட்டில், அதாவது மலைமடிப்புகளில் இருக்கும் அடர்ந்த பசுமைக்காட்டில், பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கும் பறவைகூடக் கண்ணில் படாது. அங்கே நாம் நிற்க வேண்டும், பறவை வர வேண்டும்.

வந்தவர்கள் ஏமாற்றத்தோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரே நாளில் தொட்டபெட்டா, பைக்காரா, குன்னூர், மசினகுடி என்று காரில் அலைவது. ஒரு காலைக்கு ஓர் உயரம், ஓர் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைந்தவை. வரிசையை மாற்றாமல் செய்தால் பலன் தெரியும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தங்குமிடம், வண்டி எல்லாம் பிறகு. மாதம் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

நீலகிரியில் இரண்டு கூட்டம் பறவைகள் உண்டு. ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவை ஒன்று. நீலகிரிச் சிரிப்பான், நீலகிரி சோலைக்கிளி, கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான், நீலகிரி ஈப்பிடிப்பான், நீலகிரி நெட்டைக்காலி, நீலகிரி காட்டுப்புறா ஆகியவை இதில் அடங்கும். இவை மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதை ஒட்டிய குன்றுகளுக்கும் வெளியே கிடையாது. இமயமலைப் பக்கமிருந்து குளிருக்கு இறங்கி வருபவை மற்றொன்று. காஷ்மீர் ஈப்பிடிப்பான், பல வகைக் கதிர்க்குருவிகள், சாம்பல் வாலாட்டி எல்லாம் அந்தக் கூட்டம்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் தேர்வு பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை. வலசை வந்தவை இன்னும் கிளம்பியிருக்காது. உள்ளூர்ப் பறவைகள் பாடத் தொடங்கியிருக்கும். மழையும் குறைவு.

டிசம்பர், ஜனவரியிலும் நன்றாகப் பார்க்கலாம். ஆனால் ஊட்டியில் உறைபனி விழும் நாட்களில் வெயில் மரத்தின் மேல் படும் வரை பறவைகள் அசையாது. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் கூட்டம். அப்போதுதான் வர முடியும் என்றால் வார நாட்களில், கோத்தகிரிப் பக்கம் தங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைப் பிடிக்கும், மலைப்பாதையில் மண்சரிவும் ஏற்படும்.

2. வீட்டிலிருந்தே முடிக்க வேண்டிய வேலைகள்

சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வந்தால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. பின்னர் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. சோதனைச்சாவடியில் வந்து பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டால் அன்றைய காலை அங்கேயே போய்விடும். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் மாவட்டத்தில் தடை. ஸ்டீல் பாட்டில் ஒன்று கொண்டுவாருங்கள்.

கைபேசியில் பறவையை அடையாளம் காண உதவும் மெர்லின், பார்த்ததைப் பதிவு செய்யும் ஈபேர்டு ஆகிய இரண்டு செயலிகளையும் நிறுவி, தென்னிந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை ஊரிலேயே பதிவிறக்கம் செய்துவிடுங்கள். சோலைகளில் சிக்னல் கிடைப்பது அரிது. ஈபேர்டில் நீங்கள் போகப்போகும் இடத்தின் பெயரைத் தேடினால், அங்கே அண்மையில் என்னென்ன பதிவாகியிருக்கின்றன என்று காட்டும். அதில் அடிக்கடி வரும் 20 பறவைகளின் படத்தை மட்டும் ஓரிரு மாலைகளில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தப் பட்டியலையும் மனப்பாடம் செய்ய முயல்கிறவர்கள் காட்டில் குழம்பிப் போகிறார்கள்.

அனுமதி விஷயம் முக்கியம். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் நுழைவது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு. கோத்தகிரி லாங்வுட் சோலை, ஊட்டி கெய்ர்ன்ஹில், அவலாஞ்சி போன்ற இடங்களில் அந்தந்த வனத்துறை அலுவலகத்திலோ நுழைவாயிலிலோ கேட்டு, கட்டணம் இருந்தால் கட்டித்தான் போக வேண்டும். திறக்கும் நேரம் இடத்துக்கு இடம் மாறும். முதல் நாள் மாலையிலேயே நேரில் போய் விசாரித்துவிட்டால், காலையில் பூட்டிய கேட் முன்னால் நிற்க வேண்டாம்.

3. பைனாகுலரை ஊரிலேயே பழகிக்கொள்ளுங்கள்

வாங்குவதாக இருந்தால் 8×42. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது, இரண்டாவது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42 என்றால் 5.25 மில்லிமீட்டர், 10×42 என்றால் 4.2. சோலைக்குள் பகலிலும் மங்கல்தான், அதனால் இந்த வித்தியாசம் அங்கே நன்றாகவே தெரியும். போதாததற்கு, 10 மடங்கில் கைநடுக்கமும் 10 மடங்காகும், காட்சிப் பரப்பும் குறுகும். இலைக்குள் துள்ளும் குருவியை அதில் பிடிப்பது புதியவர்களுக்குக் கடினம். கழுத்து வலி இருப்பவர்கள் 8×32 எடுக்கலாம்.

மலைக்கு வரும்முன் மூன்று விஷயங்களைச் சரிசெய்யுங்கள். இரண்டு குழல்களையும் விரித்துச் சுருக்கி, ஒரே வட்டமாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். கண்ணாடி அணிபவர்கள் கண்ணோரக் கிண்ணத்தைக் கீழே இறக்கிவிடுங்கள், அணியாதவர்கள் மேலே திருப்புங்கள். அடுத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது குழலில் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமலேயே பலர் வருடக்கணக்கில் பயன்படுத்துகிறார்கள். தலைவலி வருகிறது என்று சொல்பவர்களின் பைனாகுலரை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வளையம் தாறுமாறாக இருக்கும்.

பறவையைப் பிடிக்கும் முறை ஒன்றுதான்: வெறுங்கண்ணால் பார்த்த இடத்திலிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவருவது. கீழே குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை இருந்த கிளை தொலைந்துவிடும். மொட்டைமாடியில் நின்று காக்கை, மைனா, தட்டான் என எதை வேண்டுமானாலும் வைத்துப் பழகுங்கள். ஒரு வாரம் தினமும் கொஞ்ச நேரம் போதும்.

குளிரில் வெளியே இருந்துவிட்டு அறைக்குள் வந்தால் லென்ஸில் நீர் கோத்துக்கொள்ளும். பையிலேயே வைத்து, அறையின் வெப்பத்துக்கு மெல்ல வரவிடுங்கள். சட்டை நுனியால் தேய்த்தால் பூச்சு கீறிவிடும்.

4. உடையும் பையும்

பச்சை, பழுப்பு, சாம்பல் நிறங்கள் நல்லது. வெள்ளையும் சிவப்பும் பளிச்சென்ற மஞ்சளும் வேண்டாம். நிறத்தைவிட முக்கியமானது சத்தம். சரசரக்கும் மழைக்கோட்டு போட்டவர் கை அசைக்கும்போதெல்லாம் அருகில் இருக்கும் பறவை நகர்ந்துவிடும். கம்பளிச் சட்டைக்கு மேல் மெல்லிய துணிச் சட்டை என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். காலையில் நடுங்குபவர் ஒன்பது மணிக்கு வியர்ப்பார்.

மழைக்காலத்தில் அட்டைக்கடியைத் தடுக்கும் காலுறை, ஒரு சிறு டார்ச், கையடக்கக் குறிப்பேடு, பென்சில் போதும். பேனா மை பனியில் பரவும். வாசனைத் தைலங்களைத் தவிருங்கள். காட்டுமாடும் கரடியும் உள்ள இடத்தில் நாற்றத்தால் கவனத்தை ஈர்ப்பது நல்லதல்ல.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதல் காலை அதை அறையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கேமரா கையில் இருந்தால், பறவை தெரிந்த அந்த நான்கு நொடியும் ஃபோகஸ் தேடுவதிலேயே போகும். அது என்ன செய்தது, எந்த உயரத்தில் இருந்தது, தனியாக வந்ததா என்று எதுவும் மனதில் நிற்காது.

5. உயரத்தை வைத்து நாட்களைப் பிரியுங்கள்

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டரில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். இரண்டு மணிநேரப் பயணத்தில் 2,300 மீட்டர் ஏறிவிடுகிறோம். வெப்பம், மழை, மரம், பூச்சி எல்லாம் மாறுகின்றன, அதனால் பறவைகளும் மாறுகின்றன. தொட்டபெட்டாவில் காணும் பறவையைக் கல்லாறில் தேடினால் கிடைக்காது.

எனவே மலையை மூன்று பட்டைகளாகப் பாருங்கள். அடிவாரம்: கல்லாறு, பர்லியார், மறுபக்கம் மசினகுடி, கூடலூர். நடுப்பட்டை: சுமார் 1,800 மீட்டரில் குன்னூரும் கோத்தகிரியும், தேயிலைத் தோட்டமும் சோலையும் கலந்தது. மேல்பட்டை: சுமார் 2,000 மீட்டருக்கு மேல் ஊட்டி, தொட்டபெட்டா, அவலாஞ்சி, பைக்காராவை ஒட்டிய புல்வெளியும் சோலையும்.

மூன்று நாள் இருந்தால் மேல்பட்டைக்கு இரண்டு காலை, நடுப்பட்டைக்கு ஒரு காலை. நான்காவது நாள் கிடைத்தால் அடிவாரம். மேலே உள்ளவைதான் வேறெங்கும் கிடைக்காதவை, அதனால்தான் இந்தப் பங்கீடு. அடிவாரப் பறவைகளில் பலவற்றை மற்ற ஊர்க் காடுகளிலும் பார்த்துக்கொள்ளலாம்.

தங்குவதும் அதற்கேற்ப அமைய வேண்டும். குன்னூரில் தங்கிக்கொண்டு விடிகாலை அவலாஞ்சி போகிறேன் என்பவர்கள் வெளிச்சம் வந்தபின்தான் போய்ச் சேர்கிறார்கள்.

6. முதல் காலை: விடுதி வாசலிலேயே நில்லுங்கள்

வந்த மறுநாளே அரிய பறவையைத் தேடிக் கிளம்ப வேண்டாம். முதல் காலை தங்கியிருக்கும் இடத்தைச் சுற்றி இருக்கும் பொதுவான பறவைகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அவை தெரிந்தால்தான் புதியது கண்ணில் பட்டவுடன் இது வேறு என்று பிடிபடும்.

கொண்டையும் கன்னத்தில் சிவப்புத் திட்டும் கொண்ட சிவப்பு மீசைச் சின்னான் எங்கும் இருக்கும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் கருப்புக் குருவி, பறக்கும்போது சிறகில் வெள்ளை தெரிந்தால், புதர்ச்சிட்டு ஆண். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு கும்பலாகப் போகும் பச்சை மஞ்சள் குருவிகள் வெள்ளைக்கண்ணிகள். கன்னம் வெள்ளையும் நெஞ்சில் கருப்புக் கோடுமாக இருப்பது பட்டாணிக்குருவி. தாழ்வாரக் கூரையடியில் மண்கூடு கட்டித் தொண்டைப் பகுதி செம்பழுப்பாக இருக்கும் மலைத் தகைவிலானையும், நீலம் கலந்த வெளிர்நிறக் கண்ணுள்ள காட்டு மைனாவையும், கரகரத்த குரலுள்ள அண்டங்காக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொன்றின் குரலையும் கேட்டு மனதில் பதியுங்கள், குறிப்பாகச் சின்னானுடையதை. சோலையில் கேட்கும் பாதிச் சத்தம் அதனுடையதாகத்தான் இருக்கும். அதை ஒதுக்கத் தெரிந்தால் மீதிப் பாதியைக் கவனிக்கலாம்.

ஊட்டியில் தங்கியிருந்தால் அன்றே தாவரவியல் பூங்காவின் மேல்பகுதிக்குப் போகலாம். கீழே பூப்பாத்தியைச் சுற்றிக் கூட்டம் இருந்தாலும், மேலே மஞ்சக்கல் மந்துப் பக்கம் மரங்கள் அடர்ந்த ஓரம் அமைதியாக இருக்கும். குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் தேடுவதற்கு இது நல்ல இடம். ஆணின் தொண்டையும் நெஞ்சும் சிவப்பு, அதன் ஓரத்தில் கருப்பு விளிம்பு. மஞ்சக்கல் மந்து தோடர்களின் குடியிருப்பு. வீடுகளை நோக்கிப் பைனாகுலரைத் திருப்பாதீர்கள், கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

7. இரண்டாம் காலை: சோலையின் விளிம்பு

இந்த வழிகாட்டியில் அதிகம் நேரம் கொடுக்க வேண்டிய படி இதுதான்.

வெளிச்சம் வரும்போது இடத்தில் இருக்க வேண்டும். ஜனவரியில் சூரியன் 6.45 வாக்கில்தான் உதிக்கும், மே மாதம் ஆறு மணிக்கெல்லாம். விடுதியில் காலை உணவு எட்டரைக்குத்தான் என்றால் முதல் நாளிரவே பிளாஸ்கில் டீயும் நாலு பன்னும் கேட்டு வாங்கிவையுங்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவதுதான் வெளியூர்க்காரர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. ஒன்பதரைக்குப் போய் நிற்கும்போது பறவைகள் உள்ளே அடங்கியிருக்கும்.

சோலைக்கு உள்ளே போவதைவிட விளிம்பே நல்லது. வெயில் முதலில் படுவது விளிம்பில்தான். சூடு ஏறியதும் பூச்சி பறக்கும், பூச்சியைத் தேடிப் பறவை வரும். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நில்லுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கருப்புத்தான்.

நின்ற இடத்தில் 20 நிமிடம் அசையாமல் இருங்கள். பேசாதீர்கள், கை நீட்டிக் காட்டாதீர்கள். நீங்கள் வந்தபோது அடங்கிய காடு மறுபடி இயல்புக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கும். புதிதாக வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் இங்கே ஒன்றுமில்லை என்று நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த இடத்திலும் அதே ஐந்து நிமிடம்.

இருக்கும்போது கண்ணை மூன்று அடுக்காக ஓட்டுங்கள். முதலில் தரை. பாதையோர ஈரமண்ணிலும் ஓடைக்கரையிலும் நீலகிரி சோலைக்கிளி துள்ளி வரும். பெயரில் கிளி இருந்தாலும் இது தரையோடு திரியும் சிறு குருவி. மேலே கருநீலம், விலாவில் செம்பழுப்பு. விடியலிலும் அந்தியிலும்தான் வெளியே வரும், அதனால் முதல் அரைமணி நேரத்தைத் தரைக்கே கொடுங்கள். சாம்பல் காட்டுக்கோழியும் இந்நேரத்தில் பாதையைக் கடக்கும்.

அடுத்து இடுப்பளவு புதர். ஆரஞ்சு உடல், கருப்புத் தலை, கருப்புச் சிறகுமாக ஒரு சின்னஞ்சிறு பறவை தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, பூச்சியின் ரீங்காரம் போன்ற மெல்லிய ஒலி எழுப்பினால் அது கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். அதற்குப் பிடித்த சில கிளைகளுக்கே திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை தெரிந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

நீலகிரிச் சிரிப்பானைத் தேட வேண்டியதில்லை, கூட்டமாகச் சிரிக்கும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும். செம்பழுப்பு நெஞ்சு, வெள்ளைப் புருவம், கருப்பு மோவாய். தவிட்டுப்பழம் பழுத்திருக்கும் புதர் தெரிந்தால் அதன் எதிரே நில்லுங்கள். தொட்டபெட்டாவில் இவை மனிதர்களுக்குப் பழகிப்போய் அருகிலேயே நடமாடும். அதற்காக பிஸ்கட் போடாதீர்கள்.

கடைசியாக மேல்கிளைகள். எட்டு மணிக்கு மேல் திடீரென்று ஒரே மரத்தில் ஏழெட்டு வகைப் பறவைகள் நிறையும். பறவை பார்ப்பவர்கள் இதைக் கலப்புக் கூட்டம் என்பார்கள். பல இனங்கள் சேர்ந்து இரைதேடிக்கொண்டே நகரும். ஒன்று கிளப்பிவிட்ட பூச்சி இன்னொன்றுக்குக் கிடைக்கும், பருந்து வந்தால் கவனிக்கக் கண்களும் அதிகம். சாம்பல் தலை ஈப்பிடிப்பானின் குரல் கேட்டால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, மின்சிட்டு, கதிர்க்குருவிகள், மரத்தண்டில் தலைகீழாக இறங்கும் நீலநிறச் சிறுபறவை எல்லாம் வரும். கூட்டம் ஒரு சில நிமிடத்தில் கடந்துவிடும். ஒவ்வொரு பறவையையும் அங்கேயே அடையாளம் காண முயலாமல், எத்தனை வகை என்று மட்டும் எண்ணிக்கொண்டே, ஒவ்வொன்றிலும் ஓர் அடையாளத்தை மனதில் குறியுங்கள். புத்தகத்தைப் புரட்டுவது கூட்டம் போன பிறகு. கூட்டத்தின் பின்னால் ஓடாதீர்கள். அது போகும் திசையைக் கவனித்து, பாதை வழியே சற்று முன்னால் போய் நின்றால் மறுபடி கிடைக்கும்.

8. தேயிலைத் தோட்டமும் புல்வெளியும்

நடுப்பட்டையில் தேயிலையைப் புறக்கணிக்காதீர்கள். நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களில் மின்சிட்டும் துடிப்பாக அலையும் கதிர்க்குருவிகளும் இருக்கும். தோட்டம் சோலையைத் தொடும் விளிம்பு இன்னும் நல்லது. தோட்டத்துக்குள் நடக்க மேலாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கொழுந்து பறிக்க வருகிற அக்காமார்களிடமும் வாட்ச்மேன் அண்ணனிடமும் முதலில் வணக்கம் சொல்லி, இன்றைக்குக் காட்டுமாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுவிட்டு நடங்கள். அவர்களைவிட அதை அறிந்தவர் யாருமில்லை.

நீலகிரி காட்டுப்புறா நடுப்பட்டையிலும் மேல்பட்டையிலும் பெரிய மரங்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். பின்கழுத்தில் கருப்பு வெள்ளைக் கட்டம் உறுதியான அடையாளம். குன்னூர் சிம்ஸ் பூங்காவின் உயர்ந்த மரங்களில் பொறுமையாகத் தேடுங்கள். ஆழ்ந்த ஹூ ஹூ ஒலி வழிகாட்டும்.

மேல்பட்டைப் புல்வெளிகளில் நீலகிரி நெட்டைக்காலி. ஈரமான புல்மேடுகளில் நடமாடும், கலைத்தால் பக்கத்துப் புதரிலோ மரத்திலோ போய் உட்காரும். சாலையோரத்தில் நின்றபடியே பைனாகுலரால் புல்லை வரிசை வரிசையாகத் துழாவுங்கள். இறங்கி நடந்தால் தரையில் கட்டிய கூட்டை மிதிக்கும் ஆபத்து உண்டு. தலைக்கு மேலே மெதுவாக, சோலையின் உச்சியைத் தொட்டபடி மிதக்கும் கரிய பெரும்பறவை தெரிந்தால் அது கருங்கழுகு.

கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பிலும் சீகைத் (வாட்டில்) தோப்பிலும் அதிக நேரம் செலவிட வேண்டாம். பார்க்கக் காடுபோல இருந்தாலும் பறவை குறைவு.

9. அடிவாரத்துக்கு ஒரு நாள்

மசினகுடிப் பக்கம் மழைமறைவுப் பகுதி, முள்காடு. பனங்காடை, கொண்டலாத்தி, வால்காக்கை, மரங்கொத்திகள், வெண்வயிற்று மின்சிட்டு எல்லாம் இங்கே. மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிய வானத்தில் பத்து மணிக்கு மேல், காற்று சூடாகி மேலெழும் நேரத்தில் பாறு கழுகுகளைத் தேடுங்கள். அருகிப்போன வெண்முதுகுப் பாறு இன்னும் கூடுகட்டும் சில இடங்களில் இது ஒன்று. விடிகாலையில் அவை பறக்காது, காற்றுக்காகக் காத்திருக்கும்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழி 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் கூடலூர் வழியாகச் சுற்றிப்போகும் அளவுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நடைபயணம் கூடாது, முதுமலையில் வனத்துறை வாகனத்தில் மட்டும். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் அதையும் சில சமயம் நிறுத்துவார்கள். இரவு சஃபாரி கூட்டிப்போகிறேன் என்று யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். அது சட்டவிரோதம்.

கல்லாறு, பர்லியார்ப் பக்கம் போனால் துடுப்புவால் கரிச்சானும் அரசவால் ஈப்பிடிப்பானும் பார்க்கலாம். ஓடைப் பாறைகளில் மனிதர் சீட்டியடிப்பது போலப் பாடும் சீகாரப் பூங்குருவியும் உண்டு. குளிர்காலத்தில் ஆறுமணிக்குருவியும் வரும்.

10. அடையாளம் காணும் வரிசை

எல்லோரும் நிறத்தில் தொடங்குகிறார்கள். சோலை வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும். முதலில் அளவு: சிட்டுக்குருவியா, மைனாவா, காக்கையா, எதைவிடப் பெரிது? பிறகு வடிவம்: அலகு பருத்ததா கூர்மையா, வால் நீளமா? பிறகு நடத்தை: ஒரே கிளைக்குத் திரும்புகிறதா, இலைக்குள் அலைகிறதா, தரையில் நடக்கிறதா? நான்காவதாகத்தான் நிறம். இந்த வரிசையில் போனால் 200 பக்கப் புத்தகம் நான்கு பக்கமாகச் சுருங்கும்.

இங்கே அதிகம் குழப்புவது இரண்டு நீல ஈப்பிடிப்பான்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் கருநீலம், வயிற்றுப் பக்கம் வெளிறும், வாலின் அடியில் இருபுறமும் சிறு வெள்ளைத் திட்டு. குளிர்காலத்தில் வருகிற மற்றொன்றான வெர்டிட்டர் ஈப்பிடிப்பான் உடல் முழுக்க ஒரே பச்சை கலந்த நீலம், ஆணுக்குக் கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருப்பு. வால் திட்டு தெரியும் வரை முடிவு செய்யாதீர்கள். நெட்டைக்காலிகளில் நீலகிரி இனத்துக்கு விலாவிலும் கோடுகள் இருக்கும். வயல்வெளி இனத்துக்கு நெஞ்சோடு நின்றுவிடும்.

மெர்லின் செயலி குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாமல் எங்கே பார்ப்பது என்ற துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். பறவையைக் கண்ணால் பார்த்தபின் எழுதுங்கள்.

11. காட்டுமாடு, கரடி, யானை

குன்னூர், கோத்தகிரித் தேயிலையில் காட்டுமாடு சாதாரணமாக நிற்கும். சாதுவாகத் தெரிவதால் செல்ஃபி எடுக்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். தலையைத் தாழ்த்தி மூச்சை இரைத்தால் திரும்பி ஓடாமல் மெல்லப் பின்வாங்குங்கள். கரடி பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும் நடமாடும். நீங்களும் கிளம்பும் நேரம் அது என்பதால், வெளிச்சம் வரும் வரை வண்டியிலேயே இருங்கள், தனியாக நடக்காதீர்கள். கல்லாறு, குஞ்சப்பனை, மசினகுடிப் பாதைகளில் யானை கடக்கும். சாலையில் புதுச் சாணம் தெரிந்தால் இறங்காதீர்கள். பைனாகுலரில் கண் வைத்திருப்பவருக்குச் சுற்றிலும் நடப்பது தெரியாது. இருவராகப் போனால் ஒருவர் பார்க்கும்போது மற்றவர் சுற்றிலும் கவனிக்கட்டும்.

12. செய்யக்கூடாதவை

கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். தன் எல்லைக்குள் போட்டி ஆண் வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது வருகிறது. பிப்ரவரி முதல் ஜூன் வரை இங்கே பல இனங்களுக்கு இனப்பெருக்க காலம். கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு மோத வரும். பெயர்பெற்ற இடங்களில் அதே சோலைக்கிளியை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குழு அழைக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பறவைக்கு உலகத்தில் இருப்பதே இந்தச் சில மலைமுடிகள்தான். வழிகாட்டியாக வருகிறவர் ஒலிக்கவிட முயன்றாலும், வேண்டாம் அண்ணா, காத்திருந்தே பார்க்கிறோம் என்று சொல்லுங்கள். வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காகத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள்.

கூட்டின் அருகே போய்ப் படம் எடுக்காதீர்கள், இலையை விலக்காதீர்கள். காக்கையும் வால்காக்கையும் குரங்கும் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

13. அன்றைக்கே எழுதிவையுங்கள்

நேரம், இடம், நடந்த தூரம், பார்த்தவை, எண்ணிக்கை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஈபேர்டில் ஏற்றிவிடுங்கள், மாலைக்குள் இரண்டு ஈப்பிடிப்பான்கள் நினைவில் ஒன்றாகிவிடும். சின்னானையும் காக்கையையும் விடாமல் எழுதுங்கள். பார்த்த எல்லாமும் இருந்தால்தான் அது முழுப் பட்டியல், ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதும் அதுதான். உறுதியாகத் தெரியாததை ஊகித்துப் பெயரிடாமல், கதிர்க்குருவி என்ற அளவில் விடுங்கள். கூடு பார்த்திருந்தால் அதன் இடத்தைப் பொதுவில் எழுதாதீர்கள், முகநூலிலும் வாட்ஸ்அப் குழுவிலும்கூட.

ஜனவரி நடுவில் வருகிறவர்கள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று எடுத்த பட்டியல் போதும், அதை ஈபேர்டில் பதிவேற்றினால் கணக்கில் சேரும். விடுதி வாசலில் டீ குடித்துக்கொண்டே எடுத்ததாக இருந்தாலும் சரி.